நெருஞ்சியைத் தாங்கும், காட்டுக்கருவையைத் தாங்காது: ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயர்

கல்லணையில் கிளம்பி திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை சைக்கிளில் போகிறவர்களுக்கு ஏற்றம் ஒரு தொல்லையே இல்லை. டெல்டா மொத்தமும் தட்டை. அங்கே ஆளை உட்கார வைப்பது முள்தான். தார் ரோட்டை விட்டு ஆற்றங்கரை மண்பாதையில் இறங்கினால் நெருஞ்சி, கடலை நெருங்க நெருங்க காட்டுக்கருவை என்கிற சீமைக் கருவேலம், பைபாஸில் ஏறினால் வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பி. இருவர் சேர்ந்து போகும்போது யாருக்குப் பஞ்சர் ஆனாலும் இரண்டு பேரும்தான் நிற்க வேண்டும். அதனால் இந்தப் பாதைக்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது டயரை. இங்கே பேசுவது ஜெர்மானிய நிறுவனமான ஷ்வால்பேயின் மாரத்தான் பிளஸ், 37-622 அளவு (37 மி.மீ. அகலம், 622 மி.மீ. ரிம்). அதாவது 700×35 போடுகிற ஹைப்ரிட் சைக்கிளுக்கானது.

இதன் பலம் நடுவில் இருக்கிறது. ஓடுகிற ரப்பருக்கும் உள்துணிக்கும் இடையே 5 மி.மீ. தடிமனில் நீல நிற மெத்தை ஒன்று வைத்திருக்கிறார்கள். நெருஞ்சிக்காய் காய்ந்தால் ஐந்தாகப் பிளக்கும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். சாதாரண டயரில் அது நேரே டியூபைத் தொட்டுவிடும். இந்த டயரில் மேல் ரப்பரைத் துளைத்து மெத்தையில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கண்ணாடிச் சில்லும் லாரிக் கம்பியும் அப்படித்தான்.

ஆனால் நின்ற முள்ளை அப்படியே விடக்கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஊக்கு முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

காட்டுக்கருவை வேறு கதை. அதன் முள் 4, 5 செ.மீ. கூட வளரும், காய்ந்தால் ஆணிதான். 5 மி.மீ. மெத்தை அதை நிறுத்தாது. பக்கச்சுவரில் மெத்தையும் கிடையாது. வெட்டிப் போட்ட வேலிக்கட்டை உரசினால் அங்கேதான் கிழியும். வேலி வெட்டிய தடம் தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

இனி குறைகள். முதல் குறை எடை. ஒரு டயரே சுமார் 900 கிராம். சாதாரண ஹைப்ரிட் டயர் 500, 600 கிராமில் முடிந்துவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கால் இந்த வித்தியாசத்தை உணரும். ஒருவர் இதையும் மற்றவர் மெல்லிய டயரையும் போட்டுக்கொண்டு போனால் நாள் முழுக்க ஒருவர் காத்திருப்பார், ஒருவர் துரத்துவார். இரண்டு பேரும் ஒரே டயர், ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால் வேகமும் ஒத்துப்போகும், மாற்று டியூபும் பொதுவாகிவிடும். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று டியூப் போதும்.

அதைவிடப் பெரிய குறை, மாட்டுவது கஷ்டம். டயர் விறைப்பாக இருக்கும். கடைசி ஒரு சாண் ரிம்முக்குள் இறங்காமல் அடம்பிடிக்கும். வீட்டில் ஒருமுறையாவது கழற்றி மாட்டிப் பழகாமல் கிளம்பாதீர்கள். டயரை அரை மணி நேரம் வெயிலில் போட்டு இளக விடுங்கள். டியூபில் உருண்டை பிடிக்கும் அளவு மட்டும் காற்று. வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரண்டு பக்கமாகவும் வந்து வால்வில் முடியுங்கள். மாட்டிய பகுதியின் ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தால்தான் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். நண்பர் இருப்பதன் பலன் இங்கேதான்: ஒருவர் மாட்டிய பகுதி நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, மற்றவர் கட்டை விரலால் மிச்சத்தைத் தள்ளலாம். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி இறங்கும். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தால் புது டியூபும் அங்கேயே போச்சு. காற்றடிக்கும் முன் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கிவிட்டு இழுங்கள். டியூப் டயர் ஓரத்தில் மாட்டியிருந்தால் விடுபடும்.

காற்று விஷயத்தில், 75 கிலோ ஆளும் பின் கேரியரில் 15 கிலோ மூட்டையும் என்றால் தார் ரோட்டில் பின்னால் 70, 75 பிஎஸ்ஐ, முன்னால் 60. கரைப்பாதையில் பின்னால் 55 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் மதகு ஓரக் கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இதை எந்த மெத்தையும் தடுக்காது.

வால்வு பற்றியும் ஒரு வார்த்தை. ரிம் ஓட்டை 8 மி.மீ. ஆக, கார் வால்வு போடுகிற மாதிரி இருந்தால் பைக் பஞ்சர் கடையில் எங்கேயும் காற்றடிக்கலாம். அவசரத்துக்குக் கிராமத்துக் கடையில் கிடைக்கிற, பழைய பெரிய சைக்கிளுக்கான 28×1½ டியூபும் இந்த டயருக்குள் அடங்கும், அதன் வால்வும் அந்த ஓட்டையில் நுழையும். டயரை மட்டும் அப்படி வாங்கிவிடாதீர்கள். பழைய பெரிய சைக்கிளின் 28 என்பது 635 மி.மீ. ரிம், இது 622. இரண்டிலும் 28 என்றுதான் எழுதியிருக்கும்.

தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது போனால் ரோட்டில் நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நெல்மணி மேல் எந்த டயரும் பிடிக்காது. பிரேக் போட்டால் சறுக்கும். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு, அதன் மேல் ஓட்டவும் கூடாது. இறங்கி ஓரமாகத் தள்ளிப் போங்கள். அறுவடை மிஷின் விட்டுப்போன ஈரக் களிமண்ணில் இந்த டயரின் ஆழமில்லாத வரிகள் உடனே அடைந்து, மட்கார்டு வரை அப்பிக்கொள்ளும். சேறு அதிகம் என்றால் இது தோதான டயரே இல்லை.

விலை உள்ளூர் டயரைப்போலப் பல மடங்கு. வார இறுதியில் ஊருக்குள் சுற்றுபவர்களுக்கு வேண்டாம். மூட்டை கட்டி நாள்கணக்கில் போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒழுங்காகக் காற்று வைத்து ஓட்டினால் 10,000 கி.மீ. தாண்டி உழைக்கும். பாரம் பின்னால் இருப்பதால் பின் டயர் முதலில் தேயும். ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் நீலம் எட்டிப் பார்த்தால் அதோடு நீண்ட பயணம் கிளம்பாமல் மாற்றிவிடுங்கள்.