கப்பல் வேலைக்கு ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்

"ஆபீஸில் நமக்கு ஆள் இருக்கிறார், ஒரே வாரத்தில் சி.டி.சி. வாங்கிவிடலாம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். சி.டி.சி. என்பது கப்பலில் வேலை பார்ப்பவருக்கு அரசு தரும் அடையாள, பணிப் பதிவுப் புத்தகம். ராமநாதபுரம் முதல் கன்னியாகுமரி வரை இந்த ஒரு பேச்சை நம்பித்தான் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது.

ஏமாற்றும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பையன் கடைநிலைக் கப்பல் ஊழியருக்கான ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சி முடித்து சி.டி.சி.க்கு விண்ணப்பித்திருப்பான். ஃபைல் நகராது. கூடப் படித்தவன் கப்பல் ஏறியிருப்பான், வீட்டில் நச்சரிப்பு தொடங்கும். அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் வருவார். சி.டி.சி.க்கு ஒரு தொகை, கப்பலில் சேரச் சொல்லும் ஜாயினிங் லெட்டர் வந்ததும் லட்சக்கணக்கில் இன்னொரு தொகை. பணம் கைமாறியதும் விசிட் விசாவில் துபாய்க்கோ ஈரானுக்கோ அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரே அறையில் பத்துப் பேர், "கப்பல் நாளைக்கு வருகிறது" என்று தினமும் ஒரு போன்.

ஃபைல் ஏன் நிற்கிறது என்று தெரிந்தால் இந்த ஆளுக்கு வேலையே இல்லை. நம் பிள்ளைகளுக்கு முதல் காரணம் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'முத்துக்குமார் எஸ்'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் ஏறி 'முத்துக்குமார் செல்வம்' ஆகிவிடும். பயிற்சி நிறுவனம் 'எஸ். முத்துகுமார்' என்று ஒரு எழுத்தை விட்டு அடித்திருக்கும். படிக்கிற நமக்கு ஒரே ஆள். சரிபார்க்கிறவருக்கு மூன்று பேர். ஆகவே பயிற்சியில் சேர்வதற்கு முன்பே பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்த வேண்டுமென்றால் பாஸ்போர்ட், அடுத்து இண்டோஸ், அதற்குப் பிறகு சான்றிதழ் என்ற வரிசையில் போங்கள். இண்டோஸ் என்பது கப்பல்காரர்களின் இந்தியப் பதிவு எண். எட்டு இடம் கொண்டது, ஆயுளுக்கும் ஒன்றுதான். அதில் பிழை இருந்தால் பின்னால் எடுக்கும் காகிதத்தில் எல்லாம் அந்தப் பிழை தொடரும்.

சி.டி.சி. விண்ணப்பம் ஆன்லைனில்தான். கப்பல் துறையைக் கவனிக்கும் மத்திய அரசு இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் தளத்தில் நீங்களே செய்யலாம். மும்பை, கொல்கத்தா, சென்னை ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகங்கள் அதை வழங்குகின்றன. லாகின் பாஸ்வேர்டை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டால், அலுவலகம் என்ன குறை கேட்டது என்பதே உங்களுக்குத் தெரியாது. அந்தக் குறையைத்தான் அவர் 'மேலிடத்துச் செலவு' என்று மாற்றிச் சொல்கிறார். 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது. நல்லதுதான். ஆனால் எந்தக் காகிதத்தில் எந்த எழுத்து ஒத்துவரவில்லை என்று விண்ணப்பித்த பையனுக்கு நேராகப் புரியும்படி சொல்கிற ஏற்பாடு வரும்வரை, ஏஜென்டின் பிழைப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். நாம் சண்டை போட்டுக் கேட்க வேண்டியது இதைத்தான்.

பணம் பற்றிய விதி கறாரானது. இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலைக்கு அமர்த்துவதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, சி.டி.சி., பாஸ்போர்ட் போன்ற பயண ஆவணங்கள்: இவற்றின் செலவு மட்டும்தான் நம்முடையது. விசா செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. ஆகவே 'சர்வீஸ் சார்ஜ்', 'சீட் பிளாக்கிங்', 'விசா டெபாசிட்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது விதிமீறல். ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வேண்டும். உரிம எண்ணை ஏஜென்ட் காட்டும் படத்தில் பார்க்காதீர்கள். அரசுத் தளத்துப் பட்டியலில் தேடுங்கள். உரிமம் பெற்ற கம்பெனியின் பெயரைப் போலவே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்வதும் உண்டு, அதனால் முகவரியையும் ஒப்பிடுங்கள்.

ஜாயினிங் லெட்டரில் கப்பலின் ஐ.எம்.ஓ. எண், அதாவது கப்பலுக்கான சர்வதேச அடையாள எண், ஏழு இலக்கத்தில் இருக்கும். அதைக் காகிதத்திலேயே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729 என்றால் 63 + 0 + 35 + 16 + 21 + 4 = 139, கடைசி 9, சரி. வாய்க்கு வந்த எண்ணைப் போட்டவர்கள் பெரும்பாலும் இங்கேயே மாட்டுவார்கள். எண் சரியாக வந்தாலும் பெயரைத் தேடுங்கள். நிஜக் கப்பலின் எண்ணைத் திருடியிருக்கலாம்.

கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரி ஆக நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஓராண்டு டி.என்.எஸ். என்ற டிப்ளமோ படிப்புக்குப் பின் 18 மாதக் கடல்காலம், அதாவது கப்பலில் பயிற்சி, வேண்டும். படித்ததும் கப்பலில் ஏற்றுவதாகக் கம்பெனி பெயரில் தரும் போலி ஸ்பான்சர்ஷிப் லெட்டரை நம்பிச் சேர்ந்தால் படிப்பு முடியும், ஏறக் கப்பல் இருக்காது. ஏதோ ஒரு படகில் ஏற்றிவிட்டாலும், கப்பலில் சேர்ந்ததும் (சைன் ஆன்) இறங்கியதும் (சைன் ஆஃப்) முறையாகப் பதிவாகாத நாட்கள் பின்னால் தேர்வுக்கான சரிபார்ப்பில் சிக்கிக்கொள்ளும்.

கல்லூரிக் கட்டணம் கட்டும் முன் டி.ஜி. அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் இஷிஹாரா நிறப்பார்வைச் சோதனை செய்துகொள்ளுங்கள். 'டாக்டரைச் சரிக்கட்டிவிடலாம்' என்பது ஏமாற்று. சிவப்பு, பச்சை விளக்கைப் பிரித்தறிய முடியாதவரை இரவுக் காவலில் நிறுத்தினால் மோதலில் முடியும்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு அடக்கி வைக்காதீர்கள். வங்கி, யு.பி.ஐ. பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, ஜாயினிங் லெட்டர், அந்த ஆளின் எண் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். ஆன்லைனில் அனுப்பிய பணமென்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்கினால்தான் பலன். அதே நாளில் காவல் நிலையத்திலும் டி.ஜி. ஷிப்பிங்கிலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.