மேடிசனில் எந்த ஸ்காண்டிநேவிய மொழியை எடுப்பது?

அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்காண்டிநேவிய மொழி படிக்க வருபவர்கள் முதலில் தயங்குவது சுவீடிஷா, டேனிஷா, நார்வேஜியனா என்பதில்தான். நான் நார்வேஜியன் எடுத்தேன். யார் கேட்டாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

பேசுவோர் எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் சுவீடிஷ். சுவீடனில் மட்டும் 1 கோடிக்கு மேல் மக்கள். பின்லாந்திலும் அது ஆட்சிமொழி. ஸ்டாக்ஹோமில் வேலை தேடுபவர் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

நான் பார்த்தது வேறு. வகுப்பு முடிந்த பிறகு மொழி மறக்காமல் இருக்குமா? பக்கத்தில் பேச ஆள் இல்லாவிட்டால் வாசித்தும் கேட்டும்தான் அதைத் தக்கவைக்க வேண்டும். நார்வேஜியன் தெரிந்தவருக்கு அதற்கான தீனி மூன்று நாடுகளிலிருந்தும் கிடைக்கிறது. நார்வே 1814 வரை டென்மார்க்கோடு இணைந்திருந்தது, எழுதியதும் டேனிஷில்தான். இன்றைய பூக்மோல் எழுத்துநடை அதிலிருந்து வளர்ந்தது. அதனால் டேனிஷ் நாளிதழைப் பிரித்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். உச்சரிப்போ சுவீடிஷ் பக்கம். 'எனக்குத் தெரியாது' என்பது நார்வேஜியனில் 'யெய் வெட் இக்கெ', சுவீடிஷில் 'யா வெட் இன்தெ'. டேனிஷில் எழுதினால் நார்வேஜியன் போலவேதான் இருக்கும். பேசும்போது அந்த 'ட்' இருந்த இடமே தெரியாது. டேனிஷை நான் வாசித்திருக்கிறேனே தவிர பேசிப் பழகியதில்லை. காதால் கேட்டதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நார்வேஜியனில் ஒரு சிரமமும் உண்டு. பூக்மோலோடு நீநோர்ஸ்க் என்று இன்னொரு எழுத்துநடையும் இருக்கிறது. இங்கேதான் மேடிசன் கைகொடுக்கிறது. 1875இல், நார்வேயிலிருந்து குடியேறியவர்களின் மகனான ராஸ்மஸ் ஆண்டர்சன் இங்கே ஸ்காண்டிநேவிய மொழிகளின் பேராசிரியரானார். அமெரிக்காவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர். 1931 முதல் 1964 வரை பாடம் நடத்திய ஐனர் ஹாகன், குடியேறிகளின் பேச்சை நேரில் போய்ப் பதிவு செய்து, 1953இல் அதை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1965இல் வந்த அவருடைய நார்வேஜியன்-ஆங்கில அகராதியில் இரண்டு எழுத்துநடைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். நீநோர்ஸ்க் கவிதை வாசிக்கும்போது இன்றும் அதைத்தான் புரட்டுகிறேன்.

சேரும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் எடுக்கும் மொழிக்கு மேல்நிலை வகுப்பு அடுத்த ஆண்டும் நடக்குமா? மாணவர் குறைவாக இருந்தால் அது மாறக்கூடும்.