என்பிடெல் ஆன்லைன் படிப்பு: 1,000 ரூபாய் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் படிப்புகளில் சேரக் கட்டணம் கிடையாது. வீடியோ, பாடக்குறிப்பு, வாராந்திர அசைன்மென்ட் எல்லாமே இலவசம். சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் மட்டும் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அதற்குப் பாடம் ஒன்றுக்கு 1,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 500. பாடத்தைக் கற்றுக்கொண்டால் போதும் என்பவர்களுக்கு இந்தத் தரத்தில் செலவில்லாத வேறு வழி குறைவு. கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் கிரெடிட்டுக்காக (பாடத்துக்குரிய மதிப்பு அலகு) எடுப்பவர்கள்தான் விதிகளை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது மதிப்பெண் கணக்கில். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளும், 8 வாரத்தில் 6-ம், 4 வாரத்தில் 3-ம் கணக்கில் வரும். ஒன்றிரண்டு வாரம் தவறினால் பாதகமில்லை. ஆனால் சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். அசைன்மென்ட்டில் 22, தேர்வில் 29 எடுத்தவருக்கு மொத்தம் 51 இருந்தும் சான்றிதழ் இல்லை. 10-ம் 30-ம் எடுத்து 40-ல் நிற்பவருக்கு உண்டு. டெலிகிராமில் சுற்றும் விடைகளைப் பார்த்து அசைன்மென்ட்டை நிரப்புபவர்கள் மாட்டுவது இங்கேதான். கட்டிய பணமும் திரும்ப வராது. சான்றிதழுக்குத் தகுதி பெற்றவர்களுக்கு மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தரநிலை உண்டு: 60 முதல் எலைட், 75 முதல் எலைட் சில்வர், 90 முதல் எலைட் கோல்டு.

பாடத்தில் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பதிவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தேர்வுப் படிவம் தனியாகத் திறக்கும், அதற்கென்று தனிக் கடைசி நாள் உண்டு. அதில் தரும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடி, இனிஷியல் உட்பட, எழுதுங்கள். இரண்டு பாடம் எடுப்பவர்கள் சேரும்போதே இரண்டின் தேர்வும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிமுறை, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளம் வழியாகப் படிக்க அனுமதிக்கிறது. அது உச்சவரம்புதான், எந்த எலக்டிவுக்கு (விருப்பப் பாடம்) எந்தப் பாடம் ஈடாகும் என்பதைப் பல்கலைக்கழகமும் துறையும் முடிவுசெய்யும். துறைத் தலைவரின் ஒப்புதலைப் பாடம் தொடங்குமுன் எழுத்தில் வாங்குங்கள். 3 கிரெடிட் எலக்டிவுக்கு ஈடாக 8 வாரப் பாடத்தை முடித்துவிட்டு, ஒரு கிரெடிட் குறைந்து தவிப்பது வீணான வேதனை.

தரம் பாடத்துக்குப் பாடம் மாறும். சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் நிதானமாகவும் தெளிவாகவும் போகும். நிரலாக்கத்துக்குப் புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். நிரலாக்க அசைன்மென்ட்டுகளில், எழுதிய நிரலைச் சரிபார்க்கத் தரும், கண்ணுக்குத் தெரியும் சோதனைகளைத் தாண்டியதும் நின்றுவிடக் கூடாது. கெடு முடிந்தபின் மறைவான சோதனைகளை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். காலிப் பட்டியல், ஒரே ஒரு எண் உள்ள பட்டியல், எதிர்ம எண் போன்ற உள்ளீடுகளை நீங்களே கொடுத்துப் பாருங்கள். சில பழைய பாடங்களில் ஒலிப்பதிவு மங்கல், கரும்பலகை சரியாகத் தெரியாது. விவாதப் பக்கத்தில் சந்தேகத்துக்குப் பதில் வருவது அந்தப் பாடத்தின் உதவி ஆசிரியர்களைப் பொறுத்தது. இது பெரிய குறை, குறிப்பாகக் கணிதப் பாடங்களில்.

பல பாடங்களின் விரிவுரை எழுத்து வடிவில் தமிழிலும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. கருத்து புரிய அது நல்ல துணை. தேர்வுக்கு ஆங்கிலக் கலைச்சொற்களையும் சேர்த்தே பழகுங்கள். வீடியோக்கள் யூடியூபில் எப்போதும் இருப்பதால், ஜனவரியிலோ ஜூலையிலோ பருவம் தொடங்குமுன் முதல் இரண்டு வார வகுப்புகளைப் பார்த்துவிடலாம். ஆசிரியரின் வேகம் ஒத்துவராவிட்டால், கட்டணம் கட்டுமுன்பே வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.