பியாங்யாங் பதிலே சொல்லாவிட்டால்? லீ ஜே-மியுங் முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

தென்கொரியாவில் எந்த அதிபர் வந்தாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, வடக்கோடு பேசப் போகிறாரா, முறைக்கப் போகிறாரா என்பதுதான். 2025 ஜூன் 4 அன்று பதவியேற்ற லீ ஜே-மியுங்கிடம் கேட்க வேண்டியது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. வடக்கு வாயே திறக்காவிட்டாலும் அவருடைய கொள்கையால் யாருக்காவது பயன் உண்டா? அவர் முன்னால் இருக்கும் மூன்று வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே அளந்து பார்க்கலாம்.

முதலாவது, அவருடைய கட்சியின் பழைய வழி. 1998-ல் அதிபர் கிம் டே-ஜுங் தொடங்கிய 'சூரிய ஒளிக் கொள்கை', அதாவது வடக்கோடு பேசி, உதவி செய்து நெருங்கும் வழி, அதிபர் மூன் ஜே-இன் காலத்தில் உச்சத்துக்குப் போனது. 2018 செப்டம்பரில் வடக்கின் தலைநகரான பியாங்யாங்கின் மே தின அரங்கத்தில் சுமார் ஒன்றரை லட்சம் வடகொரியர்கள் முன்னால் மூன் பேசினார். அதே மாதம் வடக்கின் எல்லை நகரான கேசாங்கில் இரு தரப்புக்கும் பொதுவான தொடர்பு அலுவலகமும் திறந்தார்கள். தெற்கின் பணத்தில் புதுப்பித்த கட்டடம் அது. 2019 பிப்ரவரியில் ஹனோயில் அமெரிக்க அதிபர் டிரம்பும் வடகொரியத் தலைவர் கிம் ஜாங்-உன்னும் நடத்திய அணு ஆயுதப் பேச்சு முறிந்தது. 2020 ஜூன் 16 அன்று வடகொரியா அந்தக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தது.

இந்த வழியின் பலம் பணத்தில் இருந்தது. கேசாங் தொழிற்பேட்டையில் தென்கொரிய நிறுவனங்களுக்காக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வடகொரியர்கள் வேலை பார்த்தார்கள். அங்கே சிற்றுண்டியாகக் கொடுத்த சோக்கோ பை என்ற சாக்லேட் கேக், வடக்கின் கள்ளச் சந்தை வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் 2016 பிப்ரவரியில் தெற்கின் சியோல் அரசே அந்தப் பேட்டையை மூடியது. இன்று கிம்முக்குத் தெற்கின் காசு தேவையில்லை, ரஷ்யா இருக்கிறது. 2024 ஜூனில் புதினோடு ஒப்பந்தம் போட்டு, அந்த ஆண்டே ரஷ்யாவின் குர்ஸ்க் போர்முனைக்குப் படையும் அனுப்பினார்.

இரண்டாவது, லீக்கு முன்னால் அதிபராக இருந்த யூன் சுக்-யோலின் வழி. அணு ஆயுதத்தை விட்டால் அள்ளித் தருகிறோம் என்று 2022-ல் சொல்லிப் பார்த்தார். சில நாட்களிலேயே கிம்மின் தங்கை கிம் யோ-ஜாங் அதைத் தூக்கி எறிந்தார். அப்புறம் முழுக்க அழுத்தம்தான். 2023 ஏப்ரலில் கையெழுத்தான வாஷிங்டன் பிரகடனம், அமெரிக்காவின் அணு ஆயுதத் திட்டமிடலில் சியோலுக்கும் பேச இடம் வாங்கித் தந்தது. வடக்கின் பதிலுக்குக் காத்திருக்காமல் கிடைத்த லாபம் இது. லீயும் இதைக் கைவிடக் கூடாது.

ஆனால் எல்லையில் இருந்தவர்கள் கொடுத்த விலை வேறு. தெற்கிலிருந்து துண்டுப் பிரசுர பலூன்கள் போயின. 2024 மே முதல் வடக்கிலிருந்து குப்பை பலூன்கள் வந்தன. எல்லையில் மோதலைத் தவிர்க்க இரு தரப்பும் போட்ட 2018 ராணுவ ஒப்பந்தத்தை சியோல் முழுமையாக நிறுத்திவைத்து, ஒலிபெருக்கிகளை அலறவிட்டது. பதிலுக்கு வடக்கு எழுப்பிய சத்தத்தில் மாட்டிக்கொண்டது தெற்கின் எல்லையோரக் காங்வா தீவு. இரும்பை உரசுவது போல, ஓநாய் ஊளையிடுவது போல, பேய்ப்படப் பின்னணி போல இரவெல்லாம் ஒலி. ஜன்னலில் தெர்மோகோல் அடைத்துப் படுத்தவர்கள்கூட உண்டு.

நியாயமாகச் சொன்னால், எல்லாப் பழியும் யூன் மேல் இல்லை. தெற்கு இனி உறவினர் அல்ல, பகை நாடு என்று 2023 இறுதியில் அறிவித்தவர் கிம். அடுத்த மாதமே பியாங்யாங்கில் இருந்த மறு இணைப்பு நினைவு வளைவு இருந்த இடம் தெரியாமல் போனது.

மூன்றாவது, லீ இப்போது போகும் வழி. 2025 ஜூன் 11-ல் ஒலிபெருக்கியை நிறுத்தினார். மறுநாளே காங்வாவில் அந்த ஊளை அடங்கியது. ஆகஸ்டில் ஒலிபெருக்கிகளையே கழற்றினார்கள். அமெரிக்காவோடு நடத்தும் கூட்டுப் பயிற்சியில் பாதி அளவு களப் பயிற்சிகளைச் செப்டம்பருக்குத் தள்ளினார்கள். ஆகஸ்ட் 15 உரையில், வடக்கின் ஆட்சிமுறையை மதிக்கிறோம், விழுங்கும் எண்ணம் இல்லை என்றார் லீ. அணு ஆயுதம் பற்றி அவர் வைத்திருப்பது மூன்று படிகள்: முதலில் உற்பத்தியை நிறுத்து, பிறகு குறை, கடைசியில் கைவிடு.

கிம் யோ-ஜாங் முகம் கொடுக்கவில்லை. செய்யவே கூடாததைச் செய்துவிட்டு நிறுத்தியதற்குப் பாராட்டு வேறா என்ற தொனியில் பேசினார். செப்டம்பரில் அண்ணன்காரர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: டிரம்பைப் பற்றி நல்ல நினைவுகள் உண்டு, தெற்கோடு உட்கார மாட்டோம்.

இங்கேதான் லீயின் கணக்கு எனக்குப் பிடிக்கிறது. ஆகஸ்ட் 25 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்பிடம், நீங்கள் சமாதானம் செய்யுங்கள், நான் கூட ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கிறேன் என்ற பொருளில் சொன்னார். வடகொரியாவில் ஒரு டிரம்ப் டவர் கட்டுங்கள், கோல்ஃப் ஆடலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஐஸ் வைத்தார் என்று சிரிக்கலாம். ஆனால் கிம் பேசத் தயாராக இருக்கும் ஒரே ஆள் டிரம்ப் என்றால், வேறு யாருக்கு வைப்பது?

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. அமெரிக்காவைத் தாக்கும் நெடுந்தூர ஏவுகணைகளை மட்டும் நிறுத்தினால் போதும் என்று டிரம்ப் கைகுலுக்கிவிட்டால், சியோலை எட்டும் குறுந்தூர ஏவுகணைகள் அப்படியே நிற்கும். லீயின் முதல் படியான 'நிறுத்தம்' அந்தப் படியோடே நின்றுபோனால், வடக்கை அணு ஆயுத நாடாக ஏற்றுக்கொண்ட கதைதான்.

மூன்றில் எது என்றால், மூன்றாவதுதான். பேச்சுவார்த்தை நடக்கும் என்ற நம்பிக்கையில் சொல்லவில்லை; பக்கத்தில் சந்திப்பு எதுவும் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2025 அக்டோபரில் டிரம்ப் தென்கொரியாவின் கியோங்ஜு நகரம் வரை வந்தும் கிம்மைப் பார்க்காமலேதான் திரும்பினார். முதல் வழிக்கு வடக்கின் கையெழுத்து வேண்டும், இரண்டாவதற்கு வடக்கின் பயம் வேண்டும். மூன்றாவதில் பாதியையாவது சியோல் தனியாகச் செய்ய முடிகிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது, 2018 ராணுவ ஒப்பந்தத்தைப் படிப்படியாக மீட்பேன் என்றாரே, அதை எவ்வளவு தூரம் செய்கிறார் என்பதை. தென்கொரிய அதிபருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் ஒரே முறைதான்.