மின்னஞ்சலை மாற்றித் தருகிறேன் என்றவரிடம் 38,000 ரூபாய் போயிற்று

ஆள் பிடித்துத் தந்த இணையத்தளத்திடமிருந்து இன்று காலை கடைசிப் பதில் வந்தது: “வேலை முடிந்ததாக நீங்களே ஒப்புதல் அளித்துள்ளீர்கள்.” 38,000 ரூபாய் அத்தோடு போயிற்று. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது திருச்சியில் ஒரு சிறிய தணிக்கை அலுவலகம். 14 அஞ்சல் பெட்டிகள். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ஓடிய பழைய அஞ்சல் சர்வரிலிருந்து, டெபியன் என்ற வேறோர் இயங்குதளத்தில் ஓடும் புதிய சர்வருக்கு மாற வேண்டியிருந்தது. தொழில்நுட்ப ஆட்களைப் பிடித்துத் தரும் ஓர் இணையத்தளத்தில், ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒருவரை அமர்த்தினேன். “மெயில்டிர்தானே சார், ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு. அப்படியே எடுத்து வைத்தால் முடிந்தது” என்றார். மெயில்டிர் என்பது சர்வரில் அஞ்சல்களைச் சேமித்து வைக்கும் ஒரு முறை. விவரம் தெரிந்தவர் என்று நம்பி, “பார்த்துச் செய்யுங்கள் தம்பி” என்று சர்வரின் முழு அதிகாரமும் தரும் ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்தேன்.

ஞாயிறு இரவு அழைத்து, எல்லாம் வந்துவிட்டது என்றார். திறந்து பார்த்தேன். படித்த அஞ்சல்கள்கூடப் படிக்காதவையாகத் தெரிந்தன. “முதல்முறை அப்படித்தான் சார், காலையில் சரியாகிவிடும். பழைய சர்வருக்கு வீணாக ஏன் வாடகை?” என்றார். தளத்தில் வேலை முடிந்தது என்னும் ஒப்புதல் பொத்தானையும் அழுத்தி, பழைய சர்வரையும் என் கையாலேயே நீக்கினேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

காலையில் 2009-ஆம் ஆண்டு அஞ்சலுக்கும் பட்டியலில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி! இரண்டு பெட்டிகள் திறக்கவேயில்லை. பாப் (அஞ்சல்களைத் தம் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) வழியாக அஞ்சல் எடுக்கும் மூவருக்கு, பழையவை அனைத்தும் மறுபடி இறங்கின.

நண்பர் ஒருவர் பார்த்துச் சொன்னார்: அந்த ஆள் எல்லாவற்றையும் தன் விண்டோஸ் கணினிக்கு இறக்கி, மீண்டும் ஏற்றியிருக்கிறார். மெயில்டிர் கோப்புப் பெயரின் முடிவில் முக்காற்புள்ளியும், படித்தது, பதிலளித்தது என்று காட்டும் எழுத்துகளும் இருக்கும். விண்டோஸ் பெயர்களில் முக்காற்புள்ளி செல்லாது. அவருடைய மென்பொருள் அதை அடிக்கோடாக்கிவிட்டது. கோப்பின் நேரத்தைத்தான் எங்கள் சர்வரின் அஞ்சல் மென்பொருளான டவ்காட், அஞ்சல் வந்த நேரமாகக் கொள்கிறது, அதுவும் போயிற்று. அடிக்கோடுகளைத் திருத்தி நண்பர் குறிகளை மீட்டார். ஆனால் நகல் எடுத்த பிறகு பழைய சர்வருக்கு வந்து விழுந்த அஞ்சல்கள்? போனவை போனவைதான். யார் என்ன அனுப்பினார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

கேட்டால் முதல் நாள் “இணைய வேகம் சார்”, மறுநாள் “உங்கள் கணினிகளில் கோளாறு”, மூன்றாம் நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. தளத்துக்கு ஐந்து முறை எழுதினேன். இன்று காலை வரை “உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம்” என்ற ஒரே வரிதான் வந்தது. 38,000 ரூபாய் வாங்கும்போது மட்டும் அரை மணி நேரத்தில் பேசினார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சர்வரிலிருந்து சர்வருக்கு நேரடியாக, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு, கோப்பின் நேரமும் உரிமையும் மாறாமல் நகலெடுக்கச் சொல்லுங்கள். கோப்பு யாருடையது என்று காட்டும் பயனர் எண்கள் இரண்டு சர்வரிலும் ஒன்றாக இல்லாமல் போகலாம்; சரிபாருங்கள். பழையதில் அஞ்சல் சேவையை நிறுத்திவிட்டு, கடைசியாக இன்னொரு முறை நகலெடுக்க வேண்டும். எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். பழைய சர்வருக்கு இன்னும் ஒரு மாத வாடகை கட்டுங்கள். எனக்கு அது 1,400 ரூபாய்தான் ஆகியிருக்கும்.