வீட்டுக்கு வரும் நாய் பிஹேவியரிஸ்ட்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும்?

நாய் உறுமுகிறது, கடிக்கப் பாய்கிறது என்று விசாரித்தால் இரண்டு வகைச் சேவைகள் கிடைக்கும். ஒன்று, மூன்று நான்கு வாரம் தங்கள் இடத்தில் வைத்துப் பழக்கித் திருப்பித் தருவது. மற்றொன்று, வீட்டுக்கே வந்து பார்க்கும் பிஹேவியரிஸ்ட், அதாவது நாயின் நடத்தைச் சிக்கல்களைச் சரிசெய்பவர். 'உட்கார்', 'வா' சொல்லிக்கொடுக்க முதலாவது போதும். பயத்தில் கடிக்கும் நாய்க்கு அதில் பணம் போடுவது பெரும்பாலும் வீண். அங்கே உங்கள் வீட்டு காலிங் பெல் இல்லை, லிஃப்ட் இல்லை, ஓடி விளையாடும் குழந்தை இல்லை. அங்கே அடங்கிய நாய், திரும்பி வந்து பழைய பெல் சத்தம் கேட்டதும் பழையபடி பாயும்.

வீட்டுக்கு வருபவர் தேறுவாரா என்பது அவர் நாயைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். யாரைக் கடித்தது, எந்த இடத்தில், அதற்கு முந்தைய நொடி என்ன நடந்தது, பல் பதிந்ததா என்று துருவிக் கேட்க வேண்டும். தனியே விட்டால் கதவைப் பிறாண்டும் நாய் என்றால், ஆள் கிளம்பிய முதல் அரை மணி நேர வீடியோவைக் கேட்க வேண்டும். பிரிவுப் பதற்றம் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து செருப்பைக் கடிப்பது அநேகமாக வெறும் சலிப்புதான். நல்ல குணமாக இருந்த நாய் திடீரென மாறியிருந்தால், காதுப் புண், பல்வலி, இடுப்பு மூட்டு வலி இருக்கிறதா என்று முதலில் கால்நடை மருத்துவரிடம் அனுப்பாதவர் வேண்டவே வேண்டாம்.

பயிற்சியின் உயிர் தூரத்தில் இருக்கிறது. இன்னொரு நாயைப் பார்த்தும் உங்கள் நாய் கையிலிருந்து வாங்கித் தின்கிற தூரம் எதுவோ, அங்கேதான் தொடங்க வேண்டும்; அது 20 மீட்டராகவும் இருக்கலாம். அந்த இன்னொரு நாய் கண்ணில் பட்ட பிறகு உப்பில்லாத வேகவைத்த கோழி, பட்டாணி அளவில். அது மறைந்ததும் கோழி நிற்க வேண்டும். வரிசை மாறினால் கோழியைப் பார்த்தே உங்கள் நாய் உஷாராகிவிடும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் போதும். முனைக்கு முனை தெருநாய் நிற்கும் நம் தெருக்களில் இந்தத் தூரம் கிடைப்பது அபூர்வம். மொட்டை மாடி, பார்க்கிங், விடியற்காலை என்று அதற்கு வழி சொல்லாத திட்டம் வெறும் காகிதம்.

கடித்த நாய்க்கு வாய்க்கூடு தேவை. கம்பிக் கூடை போன்றதுதான் நல்லது. உள்ளே தயிர் தடவி, தானாக மூக்கை நுழைக்கப் பழக்க ஓரிரு வாரம் ஆகும். துணியில் வருவது வாயை இறுக்கி மூச்சிரைக்க விடாது. நம் வெயிலுக்கு ஆபத்து.

உறுமினால் அடி, ஷாக் காலர் (மின்அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கினால் மிஞ்சுவது முன்னறிவிப்பில்லாத கடி. தானே மாத்திரை தருபவரும் அப்படியே. பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூவாக்சிடின் போன்ற மருந்தைக் கால்நடை மருத்துவர்தான் எழுத வேண்டும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், சட்டென்று நிறுத்தவும் கூடாது.

இந்தச் சேவையின் பலவீனம், வேலை முழுக்க வீட்டார் தலையில் விழுவதுதான். நாய் குரைக்கும்போதெல்லாம் தாத்தா மட்டும் பிஸ்கட் போட்டால் அத்தனையும் பாழ். ஆகவே பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: எழுத்தில் திட்டம் உண்டா, இரண்டு வாரத்தில் மறுபடி வந்து பார்ப்பாரா, அன்றைக்குத் தாத்தாவும் உட்காரலாமா.