எந்த மாதா படம்: சகாய மாதாவா, ராபேலின் வட்டப் படமா?

திருகோணமலையில் புது வீட்டுக்கு மாதா படம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

இடைவிடா சகாய மாதா, கிரேத்தாத் தீவுப் பாணியில் வரையப்பட்ட பழைய ஓவியம். 1866 முதல் ரோமின் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. பொன் பின்னணி விண்ணுலகைக் குறிக்கிறது. ஒருபுறம் வானதூதர் மிக்கேல் ஈட்டியையும் கடற்பஞ்சையும் ஏந்த, மறுபுறம் வானதூதர் கபிரியேல் சிலுவையையும் ஆணிகளையும் கொண்டுவருகிறார். தன் பாடுகளின் இந்தக் கருவிகளைக் கண்டு மருண்ட பாலன் இயேசு தாயின் கையை இரு கைகளாலும் பற்றுகிறான். ஒரு செருப்பு கழன்று தொங்குகிறது. அந்தச் செருப்பு ஒன்றே போதும், என் வாக்கு இதற்குத்தான். தாயோ மகனைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள்.

இத்தாலிய ஓவியர் ராபேலின் வட்ட ஓவியம் 1513–14 காலத்தது. புளோரன்சின் பித்தி அரண்மனையில் உள்ளது. நாற்காலியில் மரியாள், மடியில் கொழுகொழுவென்று குழந்தை, அருகில் சிறுவனாகத் திருமுழுக்கு யோவான். தலைகளும் முழங்கையும் வட்டத்துக்குள் வளைந்து அடங்குகின்றன. ஒளிவளையங்கள் நூல்போல் மெல்லியவை. வரவேற்பறைக்கு அழகு.

செபிக்கும் இடத்துக்குச் சகாய மாதாவே பொருத்தம். மெழுகுதிரி வெளிச்சத்தில் பொன்னிறம் எழும்பும். எதை வாங்கினாலும் சட்டத்தின் பின்புறத்தை இறுக ஒட்டச் சொல்லுங்கள். இங்குள்ள உப்புக்காற்று தாளைச் சும்மா விடாது.